காசியில் முதல் நாள்

காசியைப் பற்றிய பிரயாண நூல் எதை எடுத்தாலும், ஆசிரியரின் முதல் நாள் வர்ணனையை மட்டும் நான் இரண்டு தடவை படிப்பேன். அவர் நம்பத் தகுந்தவர்தானா என்பது அந்த நாலைந்து பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலோருக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கிறது. ரயிலை விட்டு இறங்கி, பெட்டியைச் சத்திரத்தில் வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பிய மனிதர், படித்துறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கடக்கிறார். இன்றைய விசுவநாதர் கோயிலைக் கட்டியவர் அகல்யாபாய் என்றும், அது முடிந்தது 1780-இல் என்றும் சந்து முனையிலேயே அவருக்கு ஞாபகம் வருகிறது. இவை ஊர் திரும்பியபின் புஸ்தகம் பார்த்துச் சேர்த்தவை. அன்றைக்கு அவரிடம் உண்மையில் இருந்தது என்ன? மாடு அடைத்துக்கொண்டு நிற்கும் சந்து, புரியாத பேச்சு, ஆறு எந்தப் பக்கம் என்ற சந்தேகம். துணையில்லாமல் போகிறவனுக்கு, 'இது என்ன?' என்று கேட்கக்கூட ஆள் இல்லை. அந்தத் திகைப்புத்தான் அவனுக்குக் கிடைத்த சரக்கு. எழுத உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் தள்ளிவிடுகிறார்கள்.

ஏனுகுல வீராசாமி 1830-இல் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பிப் போய்வந்ததைத் தெலுங்கில் எழுதினார். 1838-இல் அச்சேறிய நூல் அது. அவர் தனியாகப் போனவரல்ல. பெரிய பரிவாரத்துடன் போனவர். ஆயினும் பாதையும் தங்குமிடமும் எப்படி என்று பின்னால் வருகிறவனுக்கு உதவும்படி எழுதிப் போகிறார். அலங்காரம் குறைவு, அதனாலேயே நம்பிக்கை பிறக்கிறது. மார்க் ட்வெயின் 1896-இல் காசிக்கு வந்தவர். அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில், யாத்திரிகன் எதை எந்த வரிசையில் தரிசிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேலி செய்கிறார். கேலி பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் அவர் ஊரிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி நின்று சிரிக்கிறார். ஊர் அவர்மேல் படவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மணிகர்ணிகைக் கட்டத்தைப் பற்றி. இருட்டுவதற்குள் நம் பிரயாணி அங்கே போய்விடுவார். சிதையைக் கண்டதும் நிலையாமை பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுவார். எரிவது யாருடைய தகப்பனார்? மொட்டைத் தலையுடன் நிற்கும் பிள்ளை எந்த ஊர்? அது அவருக்கு வேண்டியதில்லை. நான் தனியாக அங்கே நின்ற அன்று, பாஷை தெரியாத எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான். பெரிய தராசில் விறகை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். விறகு வாங்க வந்த கிழவர் ஒருவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவிலும் பணக் கணக்கு உண்டு என்பதைச் சொல்ல அந்தத் தராசு போதும். அதை விட்டுவிட்டுத் தத்துவம் எழுதுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை ஏற்படுவதில்லை.

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படம் 1956-இல் வெளிவந்தது. ரயில் பாலத்தைக் கடந்து நம்மைக் காசிக்கு அழைத்துப் போகிறது. அதே படித்துறை, அதே புறாக்கள். ஆனால் ஹரிஹர் இறக்கும்போது நமக்கு நிலையாமை ஞாபகம் வருவதில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் இனி எப்படிப் பிழைப்பாள் என்ற கவலைதான் வருகிறது. அது கதை, இது கட்டுரை என்று வாசகர் சொல்லலாம். பிரயாணிக்கு ஒரு நாளில் யாருடைய கதையும் தெரிய வழியில்லை என்பதும் சரியே. ஆனால் எதிரே நிற்பவனை மனிதனாகப் பார்க்கக் கதை தெரிந்திருக்க வேண்டாம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும்.

இது வெறும் ரசனை விவகாரமல்ல. கோயிலுக்கும் கங்கைக்கும் நடுவே இருந்த நெருக்கமான சந்துகளும் வீடுகளும் பல இடிக்கப்பட்டு, 2021 டிசம்பரில் அங்கே அகலமான வழி திறக்கப்பட்டது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அந்தச் சந்துகளில் முதன்முதலாக நடப்பது எப்படி இருந்தது என்று, இனிப் பிறப்பவர்களுக்கு எழுதி வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கட்டியவர் பெயரும் ஆண்டும் சரித்திர நூல்களில் கிடைக்கும். நிலையாமை எந்த ஊர் மயானத்திலும் கிடைக்கும். வழி தெரியாமல் நின்றவன் கண்ணில் அன்று பட்டது மட்டும், அவன் எழுதாவிட்டால் போயே போயிற்று.