பட்டத்தைப் பார்த்தது போதும், கேளுங்கள்

தைப்பொங்கல் வந்தால் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் சனம் நிரம்பி வழிகிறது. விமானம், நாகம், தேர் என்று ஏறுகிற பட்டங்களைக் கைபேசியில் பிடித்து, அதற்குமேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு அனுப்பிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதே வாடைக்காற்றில் ஊர்காவற்றுறைப் பக்கமும் வேலணைப் பக்கமும் மரத்தில் கட்டிவிட்ட பட்டங்கள் இரவிரவாக விண் கூவிக்கொண்டு நிற்கின்றன. அதைக் கேட்கவென்று ஒருவரும் வருவதில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர் நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு, நெடுந்தீவில் குதிரைகளைப் படமெடுத்து, பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

அடிப்படையைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் காற்றுக்குச் சரிந்து நிற்கிறது. தன்மேல் படுகிற காற்றை அது கீழே திருப்புகிறது, அந்தக் காற்று அதை மேலே தள்ளுகிறது. எவ்வளவு சரிவு என்பதை, பட்டத்தை நூலோடு இணைக்கிற கட்டான முச்சை தீர்மானிக்கும். முச்சை பிசகினால் பட்டம் சுற்றிக்கொண்டு வந்து தரையில் குத்தும். வால் அதை அலையாமல் பிடித்து வைக்கும். பட்டம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்பவருக்கு ஒரே ஒரு செய்தி: 1901 டிசம்பர் 12 இல் நியூபவுண்ட்லாந்தில் மார்க்கோனி அத்திலாந்திக் கடல் கடந்து வந்த வானொலிச் சைகையைப் பிடித்தது பட்டம் தூக்கி நின்ற கம்பியில்தான்.

இனி, அந்தக் கூவலை எழுப்புகிற விண். வளைத்த ஒரு வில்லைப் பட்டத்தின் தலைமாட்டில் குறுக்கே பூட்டுவார்கள். வில்லின் இரு முனைக்கும் நடுவே தட்டையான ஒரு நாடா இறுக்கிக் கட்டியிருக்கும். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடா இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. மலேசியாவின் வாவ் பூலானிலும் கம்போடியாவின் கிளெங் ஏக்கிலும் இதே ஏற்பாடு உண்டு. வியட்நாமில் குழல்களைக் கட்டி ஏற்றுவார்கள். அது ஊதுகிற ஒலி, வேறு சாதி.

ஒரு வித்தியாசத்தை மட்டும் நீங்கள் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். பட்டம் ஏறி நிற்கும்போது இரண்டு ஒலிகள் கேட்கின்றன: நூல் இரைவது ஒன்று, விண் கூவுவது மற்றது. புதிதாக வருகிறவர் இரண்டையும் ஒன்றாக்கி, ‘காற்றுச் சத்தம்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறார்.

நூலின் இரைச்சல் காற்றுக்கு அடிமை. உருண்டையான நூலைத் தாண்டும் காற்று அதன் பின்னால் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. 1878 இல் ஸ்ட்ரூஹால் என்ற செக் அறிஞர் இதற்குக் கணக்குக் கண்டார். சுருதி காற்றின் வேகத்தோடு ஏறும், நூலின் தடிப்போடு இறங்கும். ஒரு மில்லிமீற்றர்த் தங்கூசி நூலில் செக்கனுக்கு 10 மீற்றர் காற்று அடித்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 2000 அதிர்வு. காற்று பாதியானால் அதுவும் பாதி. ஆகவே காற்று அலையும்போதெல்லாம் இந்த இரைச்சலும் ஏறி இறங்கி அலைகிறது.

விண் அப்படி அலையாது. நாடா தட்டையாக இருப்பதால் காற்றில் முறுகித் திரும்பி, மறுபக்கம் முறுகி, காற்றிடமிருந்தே வலுவை வாங்கித் தன்னைத் தானே ஆட்டிக்கொள்கிறது. என்ன சுருதி என்பதைப் பெரும்பாலும் நாடாவின் நீளமும் இறுக்கமும் பாரமுமே முடிவுசெய்கின்றன. வில்லை இன்னும் வளைத்துக் கட்டினால் சுருதி ஏறும், நீள நாடா போட்டால் இறங்கும். காற்று கூடினால் முதலில் கூடுவது உரப்பு. சுருதி தன் இடத்தில் நிற்கும். நல்ல விண் கட்டுகிறவர் வாத்தியக்காரர்தான். அந்த மரியாதையை யாரும் அவருக்குக் கொடுப்பதில்லை. 1940 நவம்பர் 7 இல் அமெரிக்காவின் டக்கோமா பாலத்தை முறுக்கி முறுக்கி உடைத்ததும் விண் நாடாவின் இந்த வகை ஆட்டம்தான். அந்தப் பாலம் உடைகிற படத்தை உலகம் முழுக்க வகுப்பறைகளில் போட்டுக் காட்டுகிறார்கள். ஷோன் ஃப்ரெய்ன் என்பவர் அதே ஆட்டத்தை ஒரு சின்ன நாடாவில் உண்டாக்கி மின்சாரம் எடுத்து, 2007 இல் பேர் வாங்கினார். எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகப் பையும் பட்டமும் ஒரே வீட்டில்தான் கிடக்கின்றன. ஒன்றை மற்றதோடு சேர்த்துக் காட்ட ஒரு வாத்தியார் போதும்.

பத்திரிகைக்காரர்களோ அடிக்கணக்கில் நீளத்தையும் மின்குமிழ் எண்ணிக்கையையும் எழுதுகிறார்கள். எந்தப் பட்டம் என்ன சுருதியில் கூவியது என்று ஒரு வரி கிடையாது. மின்குமிழ் மாலை கட்டிய முப்பரிமாண உருவத்தை ஒருமுறை பார்த்தால் பார்த்ததுதான். அதில் திரும்பப் பார்க்க ஒன்றும் இல்லை. காணொளியிலும் விண்ணைத் தேடாதீர்கள். கைபேசி காற்றிரைச்சலை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளையும் சேர்த்து வெட்டிவிடுகிறது.

நேரில் வாருங்கள். நூல் கட்டிய மரத்தடியில் நிற்க வேண்டாம், அது கேட்பதற்கு மோசமான இடம். காற்றின் வேகம் உயரத்தோடு கூடுவதால், காற்றோடு போகிற ஒலி நிலத்தை நோக்கி வளையும், எதிர்த்து வருகிற ஒலி மேலே வளைந்து போய்விடும். வாடை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் பட்டத்துக்குத் தென்மேற்கே தள்ளி நில்லுங்கள். இரவில் நிலம் குளிர்ந்து மேல்காற்று சூடாக இருக்கும்போது ஒலி இன்னும் நன்றாகக் கீழிறங்கும். மரமும் மாடியும் உள்ள ஊர்களில் காற்று சிதைந்து வரும். அதனால் விண் விக்கும். நெடுந்தீவின் வெளியில் காற்று கடலிலிருந்து ஒழுங்காக வருகிறது. அங்கே கூவுகிற விண்ணுக்கு ஈடில்லை என்பது என் தீர்ப்பு.

இன்னொன்று, இதை எல்லோருக்கும் சொல்வதில்லை. இரண்டு பட்டங்கள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் கூவுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஒன்று செக்கனுக்கு 100 அதிர்வு, மற்றது 102 என்றால், இரண்டும் கலந்து செக்கனுக்கு இரண்டு தரம் விம்மித் தணியும். அந்த விம்மல் எந்தப் பட்டத்திலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கிறது. பனி விழ விழ ஈரம் பிடித்த நாடா பாரமாகும், சுருதி மெல்ல இறங்கும். இரண்டும் ஒரே அளவாக இறங்காததால் விம்மல் விடியும்வரை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேறும்போதே இரவு தங்க இடம் பேசிவையுங்கள். காதை மூடுகிற தொப்பி வேண்டாம்.