'உங்கட' சுதந்திரமும் 'நம்மட' மௌனமும்

1852 ஜூலை 5ஆம் திகதி, அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில், அடிமை முறைக்கு எதிரான பெண்கள் சங்கமொன்றின் அழைப்பில் பிரெட்ரிக் டக்ளஸ் சுதந்திர தின உரையாற்றினார். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்தவர் அவர். 1846இல் பிரித்தானிய நண்பர்கள் எஜமானுக்கு விலை கொடுத்த பிறகே சட்டப்படி சுதந்திர மனிதரானார்.

வெள்ளையரின் பாசாங்கைத் தோலுரித்த உரை என்று சொல்லிவிட்டு இதைக் கடந்து போவது இலகு. உரையின் பலம் ஒரு சின்னச் சொல்லில் இருக்கிறது. 1776இன் தலைவர்களை டக்ளஸ் தாராளமாகப் புகழ்கிறார். ஆனால் புகழும் இடமெல்லாம் உங்கள் முன்னோர், உங்கள் விடுதலை, உங்கள் திருநாள் என்றே பேசுகிறார். எங்கட, உங்கட, நம்மட என்று மூன்றையும் பிரித்துப் பேசும் நமக்கு இதன் சூடு உடனே விளங்கும். அதே வாயால் சபையோரைச் சக பிரஜைகள் என்றும் அழைக்கிறார். பிரஜைதான், ஆனால் பெருநாளில் பங்கில்லை! அந்த முரணை அவர் விளக்கவில்லை, கேட்போரின் மடியில் போட்டுவிடுகிறார். ஐந்து ஆண்டுகளின் பின், கறுப்பர் பிரஜையாகவே முடியாதென்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உரையின் கடைசிப் பகுதியில், அமெரிக்க அரசியலமைப்பு விடுதலையின் ஆவணமே என்று வாதிடுகிறார். அதில் அடிமை என்ற சொல்லே இல்லையாம். சட்டவாதமாக இது பலவீனமானது. சொல் இல்லாவிட்டாலும், தப்பியோடியவரைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் இதை வெறும் சட்டவாதமாகப் பார்க்கக் கூடாது. 'உங்கட' என்று ஒதுங்கி நின்றவர், அந்தக் கடதாசியை 'நம்மட' என்று உரிமை கோரும் இடம் அது.

நமக்கு மிக வேண்டிய பகுதி இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் 1850இல் கடுமையாக்கப்பட்டது. பிடிபட்டவரை அடிமையாக அனுப்பினால் விசாரித்த அதிகாரிக்கு 10 டொலர், விடுவித்தால் 5 டொலர். இதைக் கண்டும் தேவாலயங்கள் வாய் திறக்கவில்லை என்கிறார் டக்ளஸ். இதே சட்டம் ஒரு வணக்க முறையில் கை வைத்திருந்தால் எல்லாப் பிரசங்க மேடையும் முழங்கியிருக்கும், மனிதனின் விடுதலை என்றபடியால் மௌனம் என்று குற்றஞ்சாட்டுகிறார். தன் சொந்த மார்க்கத்தின் போதகர்களைத்தான் அவர் இப்படிக் கேட்டார்.

இதை வாசித்துவிட்டு, இஸ்லாம் அன்றே விடுதலையைப் போதித்தது என்று நாம் ஆறுதலடைவதுண்டு. அடிமையை விடுவிப்பதை ஸூரா அல்பலத் ஏறக் கடினமான பாதை என்று சொல்வது உண்மைதான். அமெரிக்கா 1865இல் அடிமை முறையை ஒழிக்க முன்னரே, 1846இல், தூனிஸின் அஹ்மத் பே அதை ஒழித்ததும் உண்மைதான். ஆனால் சவூதி அரேபியா ஒழித்தது 1962இல், மொரித்தானியா 1981இல். ஓதிய வேதம் ஒன்று, நடந்த காலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. போதனையைக் காட்டி நடைமுறையை மறைக்கும் அதே பாசாங்கு நம்மட வீட்டிலும் இருந்திருக்கிறது.

டக்ளஸின் அளவுகோலை நம்மட மிம்பருக்கும் வைத்துப் பார்ப்போம். பிறை விடயத்தில் எழும் சத்தத்தில் எத்தனை பங்கு, வளைகுடா வீடொன்றில் பாஸ்போட்டும் சம்பளமும் பறிக்கப்பட்டுக் கிடக்கும் பணிப்பெண்ணுக்காக ஜும்ஆ குத்பாவில் எழுகிறது? அவள் பெரும்பாலும் நம்மட ஊர்ப் பிள்ளை. பூட்டி வைத்தவரும் பல வேளை நம்மைப் போலவே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர். 170 வருடங்களுக்கு முந்திய அமெரிக்க உரையொன்றை இன்று வாசிப்பதற்கு இந்தக் கேள்வியே போதிய காரணம்.