இரத்தினபுரிக்குப் போனால் இந்த மாளிகையை விட்டுவிடாதீர்கள்!

தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு மாளிகை என்றால் துரை பங்களாதான். இரத்தினபுரி நகரில் எஹலேபொல வளவ்வையைப் பார்த்த பிறகு பங்களாக்கள் எல்லாம் நேற்று முளைத்தவையாகிவிட்டன. அப்பப்பா, என்ன வீடு! தேயிலை இந்த மலைகளில் ஏறுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே சப்ரகமுவையை ஆண்ட வீடு அது. 1988 முதல் தேசிய அருங்காட்சியகமாக இருக்கிறது.

அங்கே வாழ்ந்த எஹலேபொல, கண்டி அரசின் மகா அதிகாராகவும் சப்ரகமுவையின் திசாவையாகவும் இருந்தவர். அவருடைய அரசனோ நம் மதுரை நாயக்கர் வழியில் வந்த கண்ணுசாமி என்ற ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். பகை முற்றி, 1814இல் எஹலேபொல சப்ரகமுவை மக்களைத் திரட்டி எழுந்தார். தோற்றதும் கொழும்புக்குப் போய் ஆங்கிலேயரிடம் சேர்ந்தார். கண்டியில் இருந்த மனைவியும் பிள்ளைகளும் அரசன் ஆணையால் கொல்லப்பட்டார்கள். மறு வருடம் மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம். இராச்சியமே கைமாறிப் போனது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அரசனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். முடி தனக்குத்தான் என்று நம்பியிருந்த எஹலேபொலவை ஆங்கிலேயருக்கு எதிரான 1818 ஊவா கிளர்ச்சியின்போது பிடித்து, விசாரணை இல்லாமலே வைத்திருந்து, 1825இல் மொரிசியசுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவில் 1829இல் அவர் கதை முடிந்தது. அடித்துக்கொண்ட இருவரையும் ஒரே ஆங்கிலேயன் கடல் கடத்திவிட்டான்! சரித்திரப் பாடத்தில் மனப்பாடம் செய்த அத்தனையும் அந்த விறாந்தையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

உள்ளே போனால் இன்னொரு அதிசயம். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கல்லோடு சேர்ந்து நீர்யானை, காண்டாமிருகம், யானை ஆகியவற்றின் எலும்புகளும் பற்களும் வந்திருக்கின்றன. குருவிட்டப் பக்கம் கிடைத்த பற்களை வைத்து, இலங்கையில் சிங்கம் வாழ்ந்ததென்று 1939இல் எழுதினார் ஆய்வாளர் பி. இ. பி. தெரணியகல. கொடியில் மட்டுமே சிங்கத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கண்கள் அப்படி விரியும்! பலாங்கொடை மனிதனின் காலத்திலிருந்து கண்டிக் காலத்து நகை, உடை வரை பார்க்கப் பார்க்கத் தீரவில்லை.

இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போகும் ஊராகவே இருக்கிறது. அடுத்த லீவில் நுவரெலியாவுக்கு வேன் பேசுமுன், பிள்ளைகளோடு பஸ் ஏறி இந்த வளவ்வையைப் பாருங்கள். நாயக்க மன்னனின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது. அது நம் கதையும்தான்.