பாடும் பங்கும்

மழைக்காலத்தை ஒட்டிப் பழவேற்காடு ஏரியின் சேற்றுக் கரைகளில் உள்ளான்கள் வந்திறங்குகின்றன. அவற்றுள் கொசு உள்ளான் என்பது கைக்குள் அடங்கிவிடும் சிறு பறவை. சைபீரியாவின் வடதுருவச் சமவெளியில் குஞ்சு பொரித்து, பல ஆயிரம் கல் பறந்து வந்து, கோடை முற்றுமுன் திரும்பிவிடுகிறது. சுண்ணாம்புக்குளத்துக் கரையில் இப்பறவைகள் இரை தேடுவதைப் பார்த்தவாறே, அவை புறப்பட்டு வரும் வடதிசைக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழரைப் பற்றிய நூலொன்றை அண்மையில் படித்து முடித்தோம்.

நார்வே நாட்டு மானிடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் ஆங்கிலத்தில் எழுதி, 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'லாஸ்ட் செல்வ்ஸ் அண்ட் லோன்லி பெர்சன்ஸ்' என்பதே அந்நூல். 'தொலைந்த தன்னிலைகளும் தனித்த மனிதரும்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நூலாசிரியர் 1999 - 2000 காலத்தில் நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கில், கடலோர மீன்பிடி ஊர் ஒன்றில் தங்கி, அங்கு வாழ்ந்த இலங்கைத் தமிழரிடையே ஆய்வு செய்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'ஆர்க்டிக் துறைமுகம்' என்று அழைக்கிறார்.

இத்தமிழர் அவ்வளவு தொலைவு சென்றது எவ்வாறு? 1956ஆம் ஆண்டு நார்வே சென்ற அந்தோனி ராஜேந்திரம் என்னும் யாழ்ப்பாணத் தமிழர், அந்நாட்டாரின் துணையுடன் 1960களின் இறுதியில் காரைநகரில் 'சீநோர்' என்னும் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கினார். அவ்வழியே பிறந்த தொடர்பினால் இளைஞர் சிலர் படிப்பதற்காக நார்வே சென்றனர். 1983 வன்செயல்களுக்குப் பின்னரோ அகதிகளாகப் பலர் சென்றனர். ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் அப்போது ஆள் பற்றாக்குறை. உள்ளூர் இளைஞர் தெற்கே நகரங்களுக்குப் போய்விட்டமையால், காட் மீனை முள் நீக்கித் துண்டமிடும் மேசைகள் ஆளின்றிக் கிடந்தன. ஊரில் மீனைக் கையால் தொட்டறியாத குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே கத்தி ஏந்தி நின்றனர். ஏறத்தாழ 70 பாகை வடக்கு அகலக்கோட்டில் உள்ள அக்கரையில் குளிர்காலத்தில் இரண்டு மாதம் கதிரவன் எழுவதில்லை. கோடையில் இரண்டு மாதத்திற்கு மேல் மறைவதில்லை. சில காலம் உழைத்துப் பணம் சேர்த்துக்கொண்டு தெற்கே ஓஸ்லோவுக்குப் போய்விடலாம் என்பதே பலரின் எண்ணம். பின்னர்ப் பெரும்பாலோர் அவ்வாறே போயினர்.

நூலின் மையம் நோவு. அவ்வூர்த் தமிழர் அடிக்கடி மருத்துவ நிலையத்தை நாடினர். தலைநோவு, தோள்நோவு, முதுகுநோவு, உடலெங்கும் இன்னவிடம் என்று சுட்ட இயலாத வலி. பரிசோதனையிலோ நோய் எதுவும் தென்படவில்லை. மருத்துவர் திகைத்தனர், வந்தவர் மனநிறைவின்றித் திரும்பினர். இதனைப் பொய் நோவு என்று ஒதுக்காமல், சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு என்றும் எண்ணாமல், உடல் பேசும் பேச்சாகக் கொண்டு காதுகொடுத்ததே இந்நூலின் பெருஞ்சிறப்பு. உறவும் வழிபாடும் அன்றாடப் பழக்கங்களும் அறுந்து, தன்னை இன்னாரென்று அறிந்துகொள்ள அயலாரும் இல்லாதபோது, மனிதர் தம்மையே இழக்கின்றனர் என்றும், அவ்விழப்பே உடலில் வலியாக அமைகிறது என்றும் ஆசிரியர் காட்டுகிறார். தொழிற்சாலையில் அருகருகே நின்ற நார்வேயரும் தமிழரும் வேலை முடிந்தபின் ஒருவர் வீட்டிற்கு ஒருவர் போவது அரிதாகவே இருந்தது.

இப்பகுதியைப் படித்தபோது நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் நினைவுக்கு வந்தார். அவருடைய மக்கள் மூவரும் வெளியூரில் உள்ளனர். "ஒடம்பு பூரா நோவுது சாமி, டாக்டரு ஒண்ணுமில்லேன்றாரு" என்று அவர் சொல்லும்போதெல்லாம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று அறிவுரை கூறி அனுப்பியிருக்கிறோம். நூலைப் படித்தபின் அவ்வறிவுரை நமக்கே கூசுகிறது.

எனினும் நூலிடம் நமக்கு ஒரு குறை உண்டு. தமிழர் இழந்து வந்தவை எவையென்று ஆசிரியர் நுட்பமாக ஆராய்கிறார். அவர்கள் வந்து சேர்ந்த மேசையை அதே நுட்பத்துடன் ஆராயவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. குளிர்ந்த மீனைப் பற்றியபடி நாள் முழுதும் ஒரே அசைவைச் செய்யும் தோள், யாழ்ப்பாணத்தை நினையாவிட்டாலும் நோகுமல்லவா? நோவுக்குப் பொருள் தேடுகையில் உழைப்பின் பங்கு குறைந்துவிடலாகாது.

இங்கே பழவேற்காட்டு மீனவரின் சொல் ஒன்று நமக்குத் துணை செய்கிறது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வர். அம்முறைக்குப் 'பாடு' என்று பெயர். உழைப்பதைப் பாடுபடுதல் என்கிறோம். துன்பமும் பாடுதான், தவக்காலத்தில் ஆண்டவரின் திருப்பாடுகளைத் தியானிக்கிறோம். உழைப்பு, துன்பம், உரிமை ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. பாடுபட்டவனுக்கு ஏரியில் ஒரு பாடு உண்டு என்றால் அவன் அவ்வூரான். ஃபின்மார்க்கில் தமிழருக்கு முதல் இரண்டும் கிடைத்தன. கூலியும் ஒழுங்காகக் கிடைத்தது, சட்டமும் காத்தது. ஆயினும் இவர் நம்மவர் என்று ஊர் ஒதுக்கித் தரும் அந்த மூன்றாம் பாடு கிடைக்கவில்லை. குரோன்செத் பல அதிகாரங்களில் விளக்கும் தனிமையை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம்.

நம் இலக்கியம் இதனை எழுதிற்றா? இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்து 1994இல் வெளிவந்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுப்புக்குப் 'பனியும் பனையும்' என்று பெயர். நார்வேயிலிருந்தே 'சுவடுகள்' என்னும் சஞ்சிகை வெளிவந்தது. இம்முயற்சிகள் இல்லையேல் அவ்வாழ்வு தமிழில் பதிவாகியிராது. ஆயினும் புலம்பெயர் எழுத்தின் பெரும்பகுதி பனியில் நின்று பனையையே நோக்குகிறது. அப்பனிக்குள் வாழும் மனிதர், அடுத்த மேசையில் மீன் அறுக்கும் நார்வேப் பெண், தன் பிள்ளைகளும் தெற்கே போய்விட்டதால் தனித்துப்போன அவ்வூர்க் கிழவர் ஆகியோர் நம் கதைகளில் அருகியே வருகின்றனர். அவர்கள் நம்மைப் பாராதது குறை என்றால், நாம் அவர்களைப் பாராததும் குறையே.

பழவேற்காட்டுப் பாட்டையும் நாம் பொன்முலாம் பூசிக் காட்டலாகாது. அது குறிப்பிட்ட ஊராருக்கும் குலத்தாருக்கும் உரியது. ஓலைப் பறியுடன் நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அதில் இடமில்லை. பிறந்த மண்ணை விட்டு ஓரடியும் நகராமலே அவள் வடதுருவத்தில் வாழ்கிறாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தற்காலிகமாக வேலைக்கு வருவோர் பலர். அத்தகைய இளைஞர் ஒருவர் சில மாதங்கள் நம் கோவிலுக்குத் தவறாமல் வந்து, கடைசித் தூணருகே நின்று திருப்பலி கண்டார். தமிழ் தெரியாதவர், நாமும் புன்னகையோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு ஞாயிறு அவரைக் காணோம். ஊருக்குப் போய்விட்டார் என்றனர். அவர் பெயரைக்கூட நாம் கேட்டிருக்கவில்லை. பங்கு என்று நம் திருச்சபைக் குடும்பத்துக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அப்பெயரில் அவருக்கு என்ன பங்கு இருந்தது என்று அந்நூலை மூடியபின் நம்மையே கேட்டுக்கொண்டோம். வாசகரும் தத்தம் பங்கில் கேட்டுப் பார்ப்பாராக.