பேர் சொன்னதும் போய்விடாதீர்கள்

சோனி எஸ்.ஆர்.எஃப்-59 என்று ஒரு குட்டி ரேடியோ இருந்தது. சட்டைப் பையில் அடங்கும். ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் மட்டும்தான். எண் காட்டும் திரையும் கிடையாது. சக்கரத்தைத் திருகி உத்தேசமாகத்தான் ஸ்டேஷனைப் பிடிக்க வேண்டும். 2007-08 வாக்கில் அமெரிக்காவில் சில ஆசாமிகள் இந்த மாதிரி மலிவு ரேடியோக்களை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டு ஆரம்பித்தார்கள். மீடியம் வேவில் எவ்வளவு தூரத்து ஸ்டேஷனைக் கேட்க முடியும் என்பதுதான் போட்டி. 'அல்ட்ராலைட் டிஎக்ஸிங்' என்று பெயர். டிஎக்ஸ் என்பது தந்திக் காலத்தில் 'தூரம்' என்பதற்கான சுருக்கம்.

எப்படி முடிகிறது? பகலில் வானத்தின் அயனி மண்டலத்தில் உள்ள கீழ் அடுக்கு, மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துபோகும். அலைகள் மேல் அடுக்கில் பட்டு, எங்கோ தொலைவில் இறங்கும். சின்ன வயசில் ராத்திரியானால் டிரான்சிஸ்டரில் புரியாத பாஷைகள் எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதிதான்.

அமெரிக்காவில் ஸ்டேஷன்களுக்கு நடுவே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஜப்பானில் 9. அதனால் டோக்கியோவில் என்.ஹெச்.கே.யின் 594, அமெரிக்காவின் 590க்கும 600க்கும் நடுவே இடுக்கில் விழுகிறது. சியாட்டிலிலிருந்து டோக்கியோ ஏறக்குறைய 7,700 கிலோமீட்டர். அந்த இடுக்கில் விடிகாலையில் காதை வைத்து ஒரு ஜப்பானியக் குரலைப் பிடிப்பது சாமர்த்தியம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம்தான் வினை. ரேடியோவுக்குள் ஆண்டெனாவாக விரல் நீளத்தில் ஒரு ஃபெரைட் குச்சி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட ஒரு சாண் நீளக் குச்சியை வைத்தார்கள். பக்கத்து ஸ்டேஷன் வழியாமலிருக்க ஃபில்டரை மாற்றினார்கள். இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தவனுக்குத்தான் ரேடியோ புரியும். ஆனால் அடுத்து வெளியே வைக்கும் ஆண்டெனா வந்தது. டஜன் கணக்கான ஃபெரைட் குச்சிகளை உருளையாக அடுக்கி, மேலே கம்பி சுற்றி, தூக்க இரண்டு கை வேண்டியிருக்கும் சைஸில் செய்தார்கள். அதன் பக்கத்தில் அந்தக் குட்டி ரேடியோ, யானை மேல் உட்கார்ந்த எறும்பு மாதிரி. இதையும் 'அல்ட்ராலைட்' என்றுதான் சொல்கிறார்கள். இதற்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள் என்பது நியாயம்தான். ஆனால் கையிலிருக்கும் சின்னதை வைத்து என்ன முடியும் என்ற முதல் கேள்வி அங்கே காணாமல் போய்விட்டது.

என் பெரிய புகார் வேறு. இவர்கள் கேட்பதே இல்லை! ஸ்டேஷன் பேரைச் சொல்லும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். சொன்னதும் நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை குறித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். அந்த முனையில் ஒருத்தர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அது யாருக்கு வேண்டும்?

இதே ரேடியோவுக்கு ஒரு தம்பி உண்டு. எஸ்.ஆர்.எஃப்-39எஃப்.பி. முழுக்கக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். காரணம், அது அமெரிக்கச் சிறைகளில் கைதிகளுக்கு விற்கப்பட்டது. உள்ளே எதையும் ஒளித்துவைக்க முடியாது. ஒரு பென்டார்ச் பேட்டரியில் நாற்பது மணி நேரம் ஓடும். கென்டக்கி மலைப் பகுதியில் டபிள்யூ.எம்.எம்.டி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். எஃப்.எம்.தான். அதில் வீட்டுக்காரர்கள் போனில் பேசுவதை, சுற்றியுள்ள சிறைகளில் இருப்பவர்களுக்காக ஒலிபரப்பினார்கள். அம்மா பேசுவாள், மனைவி பேசுவாள். அந்தச் செல்லில் ஹெட்போனை மாட்டிக்கொண்டவன் ஸ்டேஷன் பேரையா குறித்துக்கொண்டிருப்பான்?

ஒருவனுக்கு ரேடியோ பட்டியல். இன்னொருவனுக்கு அது ஜன்னல்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. மீடியம் வேவ் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் தேசிய வானொலி 2015 கடைசியில் அதை நிறுத்தியது. எலெக்ட்ரிக் கார்களின் மோட்டார் இரைச்சல் ஏ.எம்.மைக் கெடுக்கிறது என்று சில கம்பெனிகள் அதையே எடுத்துவிட்டன. 2023-ல் ஃபோர்டு புது கார்களில் எடுக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அங்கே எடுபட்ட வாதம், பேரிடர் வந்தால் எச்சரிக்கை கேட்க ஏ.எம். வேண்டும் என்பது. அதாவது, ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் கேட்கவேண்டிய அவசியம். எத்தனை ஸ்டேஷன் பிடித்தோம் என்ற கணக்கு இல்லை.

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் இன்று ராத்திரி தூசி தட்டுங்கள். எல்.இ.டி விளக்கை அணைத்து, செல்போன் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். பாதி இரைச்சல் அவற்றால்தான். ரேடியோவை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் குச்சிக்கு திசை உண்டு. ஏதாவது ஒரு குரல் வரும். பேர் சொல்லும்வரை காத்திருங்கள். சொன்ன பிறகும் ஒரு ஐந்து நிமிஷம் இருந்து, என்னதான் சொல்கிறார் என்று கேளுங்களேன்.