பளபளப்புக்குக் கீழே ஒரு பச்சை

மழை விட்ட கையோடு வால்பாறையில் ஒரு தேயிலைச் சரிவைப் படம் எடுத்துப் பாருங்கள். கண் முன்னால் அவ்வளவு பச்சை. படத்திலோ சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. தேயிலையின் மேல்தோலில் மெழுகு இருக்கிறது; அதன்மேல் தண்ணீர்ப் படலம் வேறு. மேகம் மூடிய வானத்தின் வெண்மையை ஒவ்வோர் இலையும் சின்னக் கண்ணாடித் துண்டுபோலத் திருப்பி அடிக்கிறது. நம் மனசு அந்த வெண்மையைக் கழித்துவிட்டுப் பச்சையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேமரா எதையும் கழிப்பதில்லை.

இப்போது லென்சின் முன்னால் சி.பி.எல். (சர்க்குலர் போலரைசர்) ஃபில்டர் ஒன்றைத் திருகி மாட்டி, அதன் வெளி வளையத்தை மெல்லச் சுற்றுங்கள். கால் சுற்று முடிவதற்குள் வெண்மை வடிந்து, இலையின் பச்சை மேலே வரும். இன்னொரு கால் சுற்றில் வெண்மை திரும்பிவிடும். வாங்கிய முதல் நாள் ஷட்டரை அழுத்தவே வேண்டாம். இந்த வெண்மை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருங்கள். சி.பி.எல். என்றால் வானத்தை நீலமாக்கும் கண்ணாடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதன் உண்மையான ருசி மேகமூட்டமான நாளில், ஈரமான காட்டில் இருக்கிறது.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921இல் இங்கிலாந்து போய்த் திரும்பும்போது, 'நார்குண்டா' கப்பலில் நின்று செய்ததும் ஏறக்குறைய இதுதான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது அப்போது செல்வாக்கோடு இருந்த கருத்து. ராமனிடம் ஒரு நிகால் பட்டகம் இருந்தது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் படிகம் அது. தகுந்த கோணத்தில் அதன் வழியே மத்தியதரைக் கடலைப் பார்த்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை அடக்கினார். நீலம் மறையவில்லை, இன்னும் அடர்ந்தது. கடல்நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். அந்தத் தேடல் 1928இல் ராமன் விளைவில் போய்ச் சேர்ந்தது. உங்கள் லென்சின் முனையில் சுழலும் வளையம் அந்தப் பட்டகத்தின் உறவுதான்.

சூரியனிலிருந்து வரும் ஒளி எல்லாத் தளங்களிலும் அதிர்கிறது. தண்ணீரிலோ இலையிலோ ஈரப்பாறையிலோ சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரத் தொடங்குகிறது. அந்தத் தளத்துக்குக் குறுக்கே ஃபில்டரைத் திருப்பினால் பளபளப்பு அங்கேயே நின்றுவிடும். உலோகம் மட்டும் இதற்குக் கட்டுப்படாது. பித்தளைக் குடத்தின் மினுக்கை எவ்வளவு சுற்றினாலும் அசைக்க முடியாது.

தண்ணீரில் கோணம்தான் எல்லாம். நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சரிவாகப் பார்க்கும்போது பிரதிபலிப்பு முழுதாக அடங்கும். பாம்பன் சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும். நேர் கீழே பார்த்தால் மாற்றம் இல்லை. தொலைவில், அடிவானத்துக்கு அருகே, கொஞ்சம்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டையில் மட்டும் கடல் திறந்துகொள்ளும். ஆழமில்லாத இடமாக இருந்தால் மணலும் கரும்பாசித் திட்டும் தெரியும்.

வானத்துக்கு வேறு கணக்கு. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் திசைகளில்தான் நீலம் அடரும். கன்னியாகுமரியில் சூரியோதயத்தை நேராக எடுப்பவருக்கு வானத்தில் இதனால் பலன் இல்லை. அப்படியே வடக்கே திரும்பினால் மலைகளுக்கு மேல் வானம் ஆழமாகும். நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. உச்சிவெயிலில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் அடிவானம் சுற்றிலும் அந்தச் செங்கோணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. புழுதியும் மூட்டமும் இல்லாத நாளாக இருந்தால் எந்தத் திசையும் பலன் தரும். வைடு ஆங்கிள் லென்சில் மட்டும் எச்சரிக்கை தேவை: வானத்தின் ஒரு பகுதி கறுத்து மறுபகுதி வெளிறி, நடுவில் பட்டை விழும். அந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றிவிடுவதே நல்லது.

வாங்கும்போது ஒரு விஷயம். பெயரில் உள்ள 'சர்க்குலர்' வட்ட வடிவத்தையோ சுழலும் வளையத்தையோ குறிப்பதல்ல. வடிகட்டிய ஒளியைச் சுழல் அதிர்வாக மாற்றும் இரண்டாவது படலம் ஒன்று உள்ளே இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்கண்ணாடியால் ஒளி அளவும் ஃபோகஸும் தவறாகக் கணிக்கப்படாமல் இருக்க அது தேவை. ஃபில்டர் உண்மையிலேயே ஒளியை வடிகட்டுகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடலாம்: லென்சில் மாட்டும் பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடித்து, எல்.சி.டி. திரையைப் பார்த்துச் சுற்றுங்கள். திரை ஓரிடத்தில் கறுத்து மறைய வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும் என்பதால் காட்டுக்குள் ட்ரைபாட் வேண்டியிருக்கும். குற்றாலத்தில் அதுவே வரமாகிறது. ஷட்டர் நிதானமாகி அருவி பஞ்சாக விழும், பாறையின் கருமை கெட்டிப்படும். எடுத்த பிறகு கணினியில் வண்ணத்தைக் கூட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பளபளப்பு மறைத்த பாறையின் நிறம் படத்தில் பதியவே இல்லை. இல்லாததை எங்கிருந்து கூட்டுவது?

பிச்சாவரத்தில் படகில் போகும்போது பளபளப்பு முழுக்க அடங்கும்வரை சுற்றிப் பார்த்திருக்கிறேன். சுரபுன்னை வேர்களின் நிழல், அதனூடே நடுங்கும் வானம், எல்லாம் போய், வெறும் கலங்கல் நீர் மிஞ்சியது. அங்கே பிரதிபலிப்புதான் காட்சியே. பாதி திருப்பி நிறுத்தினேன். இலைகளில் பளபளப்பு தணிந்தது, நீரில் வேர்கள் நின்றன. தேயிலையில் முழு விளைவு, சதுப்பு நீரில் பாதி. எங்கே நிறுத்துவது என்பதை விரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது.

வானவில் தோன்றினால் மறக்காமல் ஃபில்டரைக் கையில் எடுங்கள். துளிகளுக்குள் பிரதிபலித்து வருவதால் வானவில்லின் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்கிறது, அதுவும் வில்லின் வளைவை ஒட்டியே. ஒரு நிலையில் உச்சி அணைந்து இரண்டு கால்கள் மட்டும் நிற்கும். கால் சுற்று திருப்பினால் கால்கள் மங்கி, உச்சி முன்னைவிடப் பளிச்சென்று எரியும்.