மருந்து கூறும் சான்று: கிரேமரின் நூல் பற்றிய ஓர் ஆய்வு

ஐக்கிய அமெரிக்க உளமருத்துவர் பீற்றர் கிரேமர் 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘புரோசாக்குக்குச் செவிகொடுத்தல்’ என்னும் நூல், மனச்சோர்வு நோய்க்குரிய மருந்தொன்றைக் கொண்டு மனித இயல்பையே ஆராய முற்பட்டது. மருந்துண்டார் சிலர் நோய் நீங்கியதோடமையாது, கூச்சம் நீங்கித் துணிவும் பெற்றனர் எனவும், ஆதலின் குணம் எனப்படுவதிற் பெரும்பகுதி மூளையின் இரசாயன நிலையைச் சார்ந்தது எனவும் நூல் வாதிக்கின்றது. நடை இனிது, அனுமானமே ஆராய்தற்குரியது.

அம்மருந்தின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். நரம்புக்கலமொன்று அடுத்த கலத்துக்குச் செய்தி விடுக்கையில் இரசாயனப் பொருளொன்றை இடைவெளியிற் சொரிகின்றது. செய்தி முடிந்ததும் அப்பொருள் அகற்றப்படல் வேண்டும். அசற்றைல்கோலினை அவ்விடத்திலேயே நொதியமொன்று சிதைக்கின்றது. ஏனையவும் அவ்வாறே அழியும் என அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றியவர் யூலியஸ் அக்செல்ரொட். நோரதிரினலீனைச் சிதைக்கும் நொதியமொன்றைக் கண்டவரும் அவரே. எனினும் நொதியங்களைத் தடுத்தபோதும் அப்பொருளின் விளைவு விரைவில் ஓய்ந்தது. தாம் கண்ட நொதியம் போதிய விடையன்று என ஏற்றற்கும் ஒரு நேர்மை வேண்டும்.

1961 இல் வெளிவந்த பரிசோதனையொன்றில் அவர் குழுவினர் பூனைகளின் கழுத்தில் ஒருபுறத்துப் பரிவு நரம்புத் திரளை நீக்கினர். ஏழு நாட்களில் அந்நரம்புகள் அழிந்தபின், கதிர்த்தொழிற்பாடுடைய நோரதிரினலீனைக் குருதியிற் செலுத்தினர். நரம்புள்ள புறத்து உமிழ்நீர்ச் சுரப்பியும் கண்தசையும் அதனைப் பெரிதும் ஏற்றன. மறுபுறம் ஏற்றது மிகச் சிறிது. நரம்புமுனையே அப்பொருளை உறிஞ்சுகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. கொக்கேயினும் இமிப்பிரமீனும் இவ்வுறிஞ்சலைத் தடுத்தல் அக்காலத்திலேயே காணப்பட்டது. 1970 இல் கற்சு, வொன் ஒயிலர் ஆகியோருடன் அவர் நோபெல் பரிசு பெற்றார். செரற்றோனினின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் புரோசாக், 1987 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அக்செல்ரொட்டும் மருந்துக்குச் செவிகொடுத்தவரே. ஆயின் கொக்கேயின் கூறியதை அவர் அப்படியே நம்பினாரல்லர். நரம்பை நீக்கியும் பார்த்தார். அளவை நூலார் அன்னுவயம், வெதிரேகம் என இரண்டும் வேண்டுவர்: புகையுள்ளவிடத்துத் தீயுண்டு என்பதோடு, தீயில்லாவிடத்துப் புகையில்லை என்பதும் காணப்படல் வேண்டும். கிரேமர் தெஸ் எனப் பெயரிட்டுக் கூறும் பெண், மருந்தை நிறுத்திய சில மாதங்களின் பின் தாம் தாமாக இல்லை என்றார். மருந்துக்கு ஆற்றலுண்டு என்பதற்கு இது சான்றாகலாம். அதனை உண்ணுமுன் அவர்பாற் குறைந்திருந்தது யாது என்பதற்குச் சான்றாகாது. மேலும், மீளுறிஞ்சல் சில மணி நேரத்திலேயே தடைப்பட, நோய் தணிதற்கோ வாரங்கள் செல்கின்றன. இடையில் நிகழ்வது யாது என்பதே உண்மையான வினா. இக்குறைகளைக் கிரேமர் அறியாதவரல்லர், எடுத்தும் பேசுகின்றார். பேசியபின் அவற்றைக் கடந்து விரைந்து செல்வதே நூலின் குற்றம்.

மருந்து பயனற்றது என்பது இதன் பொருளன்று. 2018 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று 522 பரிசோதனைகளை நோக்கி, ஆராய்ந்த 21 மருந்துகளும் போலி மருந்தினும் மேம்பட்டன எனக் கண்டது, மேம்பாடு பெரிதன்று. செரற்றோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என 2022 இல் மற்றோர் ஆய்வு கூறியது. அதனை மறுத்தாரும் உளர். உன் மூளையிற் செரற்றோனின் குறைந்துள்ளது என நோயாளியிடம் கூறும் மருத்துவர், அதனை அளந்து கூறுவதில்லை. அவ்வாறு அளக்கும் சோதனை எதுவும் வழக்கமான சிகிச்சையில் இல்லை.